எண் சொல்வதும் சொல்லாததும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. நிலத்தையும் நெல்லையும் பொழுதையும் எண்ணால் அளந்து வாழ்ந்தவர்கள் நாம். ஆயினும் மனித உயிர் என்று வரும்போது, எண்ணுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதில் மனித மனம் தடுமாறியே வந்திருக்கிறது. தாவீது அரசர் தம் மக்களைக் கணக்கெடுத்தது குற்றமாயிற்று என்று சாமுவேல் இரண்டாம் நூல் கூறுகிறது. அதே திருவிவிலியத்தில், நம் தலைமுடியெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்னும் செய்தி, அஞ்சியிருந்த சீடர்களுக்கு இயேசு தந்த ஆறுதலாக வருகிறது. எண்ணுதல் ஓரிடத்தில் பாவமாகவும் மற்றோரிடத்தில் பரிவாகவும் இருக்கக் காண்கிறோம். எண்ணுகிறவர் யாருக்காக எண்ணுகிறார் என்பதைப் பொறுத்தே அது பாவமாகிறது, அல்லது பரிவாகிறது.

இந்தப் பழைய கேள்வி இன்று ஒரு புதிய இடத்தில் மிகக் கூர்மையாக எழுகிறது. அந்த இடம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. இதயமோ நுரையீரலோ ஓய்ந்துபோன ஒரு குழந்தை, அவற்றின் வேலையைத் தான் ஏற்றுச் செய்யும் ஒரு கருவியின் துணையால் உயிரோடு இருக்கிறது. காலையில் எடுத்த இரத்தத்தின் பரிசோதனைத் தாள் வருகிறது. ஆல்புமின் என்னும் புரதத்தின் அளவு குறைந்திருக்கிறது. அவ்வளவு குறைந்த குழந்தைகளுள் பிழைப்போர் தொகையும் குறைவு என்று மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. கதவுக்கு வெளியே பெற்றோர் காத்திருக்கிறார்கள். மருத்துவர் அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும்? பெற்றோர் அதை எப்படிக் கேட்க வேண்டும்? ஒரு குழந்தையின் வாழ்வைக் குறித்து ஓர் எண்ணுக்கு எவ்வளவு பேச உரிமை உண்டு? இக்கட்டுரை ஆராய முற்படுவது இதுவே.

கருவி வந்த வழி

இக்கருவியின் தொடக்கம் ஓர் இரவு விழிப்பில் இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நுரையீரல் நாளத்தை இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டதால் மூச்சுக்குத் திணறிய ஒரு பெண்ணின் அருகில், ஜான் கிப்பன் என்னும் இளம் மருத்துவர் இரவு முழுவதும் அமர்ந்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். கருத்துப்போன அந்த இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு சேர்த்து, மீண்டும் உடலுக்குள் செலுத்த முடிந்தால் இவள் பிழைப்பாளே என்ற எண்ணம் அன்று அவருக்கு உதித்தது. அது செயலாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1953 மே 6 அன்று பிலடெல்பியா நகரில், 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்திலிருந்த துளையை இதய நுரையீரல் கருவியின் துணையோடு அவர் தைத்து மூடினார். அவள் பிழைத்தாள். அடுத்து அம்முறையில் அறுவை செய்யப்பட்ட குழந்தைகளோ பிழைக்கவில்லை. மனம் தளர்ந்த கிப்பன் அப்பணியைப் பிறரிடம் விட்டு விலகினார். மற்றவர்கள் அதைத் தொடர்ந்து செம்மைப்படுத்தினார்கள்.

சில மணி நேர அறுவைக்கென அமைந்த கருவி, பல நாள் தாங்கும் கருவியாக மாறியது பின்னர். இரத்தமும் வாயுவும் நேரே கலவாதபடி இடையே மெல்லிய சவ்வொன்றை வைத்த உத்தியே அதற்கு வழி திறந்தது. 1975-இல் கலிபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் என்னும் அறுவை மருத்துவர், பிறந்தவுடனே மூச்சுத் திணறிச் சாகும் நிலையிலிருந்த ஒரு பெண் குழந்தையை இவ்வகைக் கருவியில் இணைத்துக் காப்பாற்றினார். மெக்சிகோவிலிருந்து வந்த ஓர் ஏழைத் தாயின் மகள் அவள். செவிலியர் அவளுக்கு 'எதிர்நோக்கு' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரைச் சூட்டினார்கள்.

'எக்மோ' என்னும் சொல் நம் மக்களிடையே பரவியது 2016 டிசம்பரில், முதலமைச்சர் ஜெயலலிதாவின் இறுதி நாளில். 2020-இல் பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியம் நோயுற்றிருந்த வாரங்களில் அச்சொல் மீண்டும் வீடுதோறும் பேசப்பட்டது. இருமுறையும் முடிவு துயரமாக இருந்தமையால், எக்மோ என்றாலே சாவின் முன்னறிவிப்பு என்று பலர் எண்ணிவிட்டனர். அது சரியன்று. மூச்சுக் கோளாறு காரணமாக இக்கருவியில் வைக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைத்திருக்கிறார்கள். அதே வேளையில், கருவி எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை என்பதையும் மறக்கலாகாது. உடல் தன்னைத் தானே தேற்றிக்கொள்ள அது காலத்தை வாங்கித் தருகிறது. வாங்கிய காலத்துக்குள் உடல் தேறுமா என்பதே கேள்வி. அதை முன்கூட்டியே அறியத்தான் மருத்துவர்கள் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள்; எண்களைத் தேடுகிறார்கள்.

குறையும் புரதம்

இரத்தநீரில் கலந்துள்ள புரதங்களுள் மிகுதியானது ஆல்புமின். வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கல்லீரலில் உருவாகும் இப்புரதம், நலமுள்ளவரின் 100 மில்லி இரத்தநீரில் ஏறத்தாழ 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். பச்சிளங்குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவு. இரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது இதன் முதல் வேலை. மருந்துகளையும் கொழுப்பமிலங்களையும் மஞ்சள் காமாலைக்குக் காரணமான பித்தப்பொருளையும் சுமந்து செல்வதும் இதுவே. இது குறையும்போது நீர் குழாய்களை விட்டுக் கசிந்து, உடல் வீங்குகிறது. நுரையீரலும் நனைந்து கனக்கிறது.

கருவியில் இணைக்கப்பட்ட குழந்தைக்கு இது ஏன் குறைகிறது? காரணங்கள் பல. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள இரத்தம் ஏறத்தாழக் கால் லிட்டர்தான். கருவியின் குழாய்களை நிரப்பத் தேவையான திரவமோ, சில வேளைகளில் அதற்கு நிகராகவும் அதற்கு மேலாகவும் இருப்பதுண்டு. ஆகவே இணைத்த நொடியிலேயே குழந்தையின் சொந்த இரத்தம் நீர்த்துப்போகிறது. அதை ஈடுசெய்யவே நிரப்பும் திரவத்தில் பலவிடங்களில் ஆல்புமினையும் இரத்தத்தையும் சேர்க்கிறார்கள். அயற்பொருளான குழாய்களின் பரப்பில் புரதம் படிகிறது. நோயின் கொதிப்பால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்குகின்றன. கல்லீரலோ, நெருக்கடி நேரத்தில் வேறு புரதங்களை உருவாக்குவதில் முனைந்து, ஆல்புமினைக் குறைத்துக்கொள்கிறது. நோய்க்கு முன்பே ஊட்டமின்றி மெலிந்திருந்த குழந்தையானால், குறைவு அங்கிருந்தே தொடங்கியிருக்கும்.

எனவே அந்த எண் பொய்யான எண் அன்று. குழந்தையின் வீக்கம், கசிவு, பசி, கல்லீரலின் களைப்பு ஆகிய அனைத்தும் அதில் சுருங்கியிருக்கின்றன. குறைந்த ஆல்புமினும் குறைந்த பிழைப்பும் சேர்ந்தே காணப்படுவதில் வியப்பில்லை. நாம் கேட்க வேண்டியது, உண்மையான இந்த எண் எதற்கு உண்மையாகிறது என்பதே.

பானைச் சோறும் ஒற்றைப் பருக்கையும்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. ஒரு பருக்கையைத் தொட்டுப் பார்த்துப் பானை முழுவதன் பக்குவத்தையும் அறிகிறோம். மருத்துவப் புள்ளிவிவரம் இதன் மறுதலையைச் செய்யத் துணிகிறது. பானை முழுவதையும் பார்த்துவிட்டு, ஒற்றைப் பருக்கையின் நிலையைச் சொல்ல முற்படுகிறது. நூறு குழந்தைகளில் முப்பது பேர் பிழைத்தார்கள் என்பது நூறு பேரைப் பற்றிய செய்தி. இங்கே கிடக்கும் குழந்தை நூற்றுக்கு முப்பது பங்கு பிழைக்கப்போவதில்லை. அது முழுமையாகப் பிழைக்கும் அல்லது முழுமையாக இறக்கும். அந்த முப்பதில் ஒன்றா, எழுபதில் ஒன்றா என்பதை எண் சொல்லாது. எண்ணின் குறைபாடாக இதை நாம் கருத வேண்டியதில்லை. எண் என்பதன் இயல்பே அது.

இங்கே மற்றோர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. குறைந்த எண்ணைக் கண்டதும், இனிப் பயனில்லை என்று மருத்துவர் முடிவு கட்டிக் கருவியை நிறுத்திவிட்டால், குழந்தை இறக்கும். அந்த இறப்பு பதிவேட்டில் ஏறும். அடுத்த ஆண்டு பதிவேட்டைப் பார்ப்பவர், அளவு குறைந்த குழந்தைகள் பிழைப்பதில்லை என்பது மீண்டும் உறுதியானதாகக் கொள்வார். எண் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும்! அவநம்பிக்கையால் பிறந்த சாவுகள், அவநம்பிக்கைக்கே சான்றாக நிற்கும். முன்னறிவிப்பைத் தீர்ப்பாகக் கொள்ளும் இடமெல்லாம் இந்தச் சுழல் உண்டு. கவனமுள்ள மருத்துவர்கள் இதனை அறிந்தே நடக்கிறார்கள்.

எண்ணுக்கு ஒப்பனை

எண்ணைத் தீர்ப்பாகக் கொள்வது ஒரு தவறு என்றால், எண்ணை நோயாகவே கொள்வது மற்றொரு தவறு. ஆல்புமின் குறைந்ததால் குழந்தை சாகிறது என்றால், ஆல்புமினை ஏற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். அது கிடைக்காத மருந்தும் அன்று. முகமறியாத பலர் தானமாகத் தந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் புட்டிகளில் வருகிறது. ஏற்றினால் எண் உயரும். ஆனால் உயிர்?

இதை அறிய மருத்துவ உலகம் பெருமுயற்சி செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 16 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ஏறத்தாழ 7,000 பெரியவர்களுக்கு, நீர்ச்சத்தை ஈடுசெய்ய ஒரு சாராருக்கு ஆல்புமினும் மறுசாராருக்கு வெறும் உப்புநீரும் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-இல் முடிவு வெளியாயிற்று. 28 நாள்களுக்குள் ஆல்புமின் பெற்றோரில் 726 பேரும் உப்புநீர் பெற்றோரில் 729 பேரும் இறந்திருந்தனர். வேறுபாடு இல்லை எனலாம்.

இன்னும் நெஞ்சை உலுக்குவது ஆப்பிரிக்காவில் நடந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில், கடுங்காய்ச்சலால் இரத்த ஓட்டம் தளர்ந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. விரைவாக ஆல்புமின் ஏற்றப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 10.6 பேர் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர். விரைவாக உப்புநீர் ஏற்றப்பட்டவர்களில் 10.5 பேர். அவ்வாறு எதையும் விரைந்து ஏற்றாமல் நிதானமாகக் கவனிக்கப்பட்ட குழந்தைகளில் இறந்தோர் 7.3 பேரே. நல்லெண்ணத்தோடு, பாடநூல் சொன்னபடி செய்த உதவியே சிலருக்குக் கேடாயிற்று.

இக்குழந்தைகள் கருவியில் இருந்தவர்கள் அல்லர். ஆகவே இம்முடிவை அப்படியே கருவியறைக்குள் எடுத்துச் செல்ல இயலாது. இரத்தக் குழாயில் நீரை நிறுத்த வேண்டிய வேளைகளில் மருத்துவர் ஆல்புமினைத் தருவதும் தகும். ஆயினும் ஒரு பாடம் தெளிவு. எண் உயர்வது வேறு. குழந்தை தேறுவது வேறு. நோயை ஆராய்வதோடு நில்லாமல் நோயின் முதலையும் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்தியது இதைத்தான். தாளிலுள்ள எண்ணை அழகாக்கிவிட்டு, குழந்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நிறைவடைவது, காய்ச்சல்மானியைத் தண்ணீரில் நனைத்துக் காய்ச்சல் தணிந்தது என்பதைப் போன்றது.

நமக்கு முன் கிடந்த குழந்தைகள்

அப்படியானால் எண்களைத் தள்ளிவிடலாமா? பக்தியுள்ளோர் சிலர் அவ்வாறு சொல்வதுண்டு. 'கணக்கெல்லாம் மனிதருடையது, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்பார்கள். அந்தச் சொல்லில் உள்ள நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு நன்றிமறதியும் கலந்திருக்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று அவர்கள் கேட்டுப் பார்த்ததில்லை.

1985-இல் பார்ட்லெட்டும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில் பங்குபெற்ற குழந்தைகள் 12 பேர். யாருக்குக் கருவி, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் முடிவு செய்தனர். எந்தச் சிகிச்சை வெல்கிறதோ அதற்கான சீட்டுகள் கூடிக்கொண்டே போகும்படி அது அமைந்திருந்தது. முதற் குழந்தைக்குக் கருவி விழுந்தது, பிழைத்தது. இரண்டாம் குழந்தைக்கு வழக்கமான சிகிச்சை விழுந்தது, இறந்தது. அடுத்து வந்த பத்துக் குழந்தைகளும் கருவியில் வைக்கப்பட்டுப் பிழைத்தன. ஒரே ஒரு குழந்தையின் சாவு மறுதட்டில் நின்றது. இவ்வளவு சிறிய சான்று போதுமா என்று அறிஞர்கள் வாதிட்டனர். இங்கிலாந்தில் 185 பச்சிளங்குழந்தைகளைக் கொண்டு விரிவான ஆய்வு நடந்து, 1996-இல் முடிவு வெளியாயிற்று. கருவிக்கென ஒதுக்கப்பட்ட 93 பேரில் 30 பேர் இறந்தனர். வழக்கமான சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்ட 92 பேரில் 54 பேர் இறந்தனர். கருவியின் பயன் ஐயமின்றி விளங்கியதால் ஆய்வை முன்னதாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

30 என்றும் 54 என்றும் நாம் எளிதாகப் படித்துச் செல்கிறோம். ஒவ்வோர் அலகும் ஒரு தொட்டில். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தாயின் சுரந்து கட்டிப்போன பால் இருக்கிறது. இன்று ஒரு குழந்தைக்குக் கருவி பயன்படும் என்று மருத்துவர் துணிவோடு சொல்கிறார் என்றால், அத்துணிவு அந்தக் குழந்தைகளிடமிருந்து வந்தது. ஆல்புமினைப் பற்றிய எண்ணும் அவ்வாறே. இக்கட்டிலில் இதற்கு முன் கிடந்த குழந்தைகள், பேச வாயின்றி, தங்கள் இரத்தத்தால் விட்டுச்சென்ற சாட்சியம் அது. புனிதர்களின் சமூக உறவை அறிக்கையிடும் நாம், இறந்தோர் வாழ்வோருக்கு உதவுகிறார்கள் என்று நம்புகிறோம். சிகிச்சை அறையிலும் அவ்வுறவின் சாயலைக் காண முடிகிறது. அவர்களுடைய சாட்சியத்தைக் கேளாமல் இருப்பது பக்தியாகாது.

சாட்சியும் நீதிபதியும்

சாட்சியம் என்று சொன்னேன். என் கருத்து முழுவதும் அச்சொல்லில் அடங்கும். எண் ஒரு சாட்சி. அது நீதிபதி அன்று. சாட்சியை மரியாதையோடு கேட்க வேண்டும். குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும். தீர்ப்பை மட்டும் அதனிடம் ஒப்படைத்துவிடலாகாது. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளி என்று தீர்க்கலாகாது, இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் நெறி. குற்றவாளிக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால், குற்றமறியாக் குழந்தைக்கு இல்லாமற் போகுமா? ஆல்புமின் ஒரு சாட்சி. மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறதா, சிறுநீர் பிரிகிறதா, நுரையீரல் விரியத் தொடங்குகிறதா, இதயம் தானே துடிக்க முயல்கிறதா, நேற்றைக்கு இன்று நிலை மேலா கீழா என்பவை மற்றச் சாட்சிகள். எல்லாச் சாட்சிகளும் ஒத்துப் பேசும்போது மருத்துவரின் அறிவு கனம் பெறுகிறது. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது குறித்து 2018-இல் நம் உச்ச நீதிமன்றம் வகுத்து, 2023-இல் எளிதாக்கிய நெறிமுறைகள், ஒரே மருத்துவரின் முடிவுக்கு விடாமல் இரு மருத்துவக் குழுக்களின் கருத்தைக் கோருவதும் இதே எச்சரிக்கையால்தான்.

நீதி வழங்கும் இடம் மனச்சான்று. அதற்குத் திருச்சபை வழிகாட்டாமல் விடவில்லை. செயற்கைச் சுவாசக் கருவிகள் புதிதாகப் பரவிய காலத்தில், 1957 நவம்பர் 24 அன்று, மயக்க மருந்து மருத்துவர்கள் எழுப்பிய கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் விடையளித்தார். உயிரைக் காக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் தனக்கோ பிறருக்கோ பெரும்பாரமாகாத, வழக்கமான வழிகளையே கையாளக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது அவர் உரையின் சாரம். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980-இல் வெளியிட்ட அறிக்கை இதை மேலும் விளக்கியது. சிகிச்சையின் கடுமை, ஆபத்து, செலவு ஆகியவற்றை ஒரு தட்டிலும், எதிர்பார்க்கத்தக்க பயனை மறுதட்டிலும் வைத்து நிறுக்கலாம் என்றது. பயன் எதிர்பார்ப்புக்கு எட்டாதபோது தொடங்கிய சிகிச்சையை நிறுத்தலாம் என்றும் அது ஏற்றது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் இதையே கூறுகிறது. அப்படி நிறுத்துபவர் சாவை விரும்பவில்லை. தடுக்க இயலாமையை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் வழக்கமான பராமரிப்பை ஒருபோதும் விட்டுவிடலாகாது.

இங்கே எது தராசில் ஏறுகிறது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். சிகிச்சையின் பாரமும் சிகிச்சையின் பயனும் ஏறுகின்றன. குழந்தை ஏறுவதில்லை. 'இந்தச் சிகிச்சை இனி இக்குழந்தைக்கு நன்மை தராது' என்று சொல்வது ஒன்று. 'இந்தக் குழந்தை இனி இச்சிகிச்சைக்குத் தகுதியற்றது' என்று சொல்வது முற்றிலும் வேறொன்று. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கலாம். இரண்டும் ஒரே செயலில் முடியவும் கூடும். ஆயினும் முதலாவது மருத்துவம். இரண்டாவதில் ஒரு மனித உயிருக்கு விலை குறிக்கப்படுகிறது. பிறவிக் குறைபாடுள்ள குழந்தை, மன வளர்ச்சி குன்றிய குழந்தை ஆகியோரின் கட்டிலருகில் இந்த இரண்டாவது வாக்கியம் மருத்துவத்தின் உடையை அணிந்துகொண்டு வருவதுண்டு. அப்போது அதை அடையாளம் காண வேண்டிய கடமை நமக்கு உண்டு.

பணத்தைப் பற்றியும் பேசாமல் முடியாது. நம் நாட்டில் இக்கருவியின் செலவு இலட்சக்கணக்கில் ஏறுகிறது. தாலியை அடகு வைத்தவரும், இருந்த துண்டு நிலத்தை விற்றவரும் அந்த வராந்தாவில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நாளின் எண்ணும் உயிரின் செய்தியாகவும் கடனின் செய்தியாகவும் வருகிறது. மற்றப் பிள்ளைகளின் சோற்றையும் படிப்பையும் எண்ணி, 'இதற்கு மேல் இயலாது' என்று சொல்லும் தந்தையைக் கொலைகாரன் என்று எவரும் எண்ண வேண்டாம். அவரும் தம்மை அவ்வாறு எண்ணிக்கொள்ள வேண்டாம். குடும்பத்தின்மேல் அளவுகடந்த செலவைச் சுமத்த விரும்பாமையை 1980-ஆம் ஆண்டு அறிக்கை நேரிய காரணமாகவே ஏற்கிறது. ஆனால் அவரை அந்நிலைக்குத் தள்ளிய ஏற்பாட்டை நாம் நேரியது என்று சொல்லிவிட முடியாது. பிழைக்கும் வாய்ப்புள்ள ஒரு குழந்தை பணமின்மையால் மட்டும் கருவியிலிருந்து இறக்கப்படுமானால், அங்கே குறைந்தது ஆல்புமின் அன்று. நம் சமூகத்தின் நீதி. அதற்கான பொறுப்பு அந்தத் தந்தையின் தோளில் மட்டும் இருப்பதாகாது.

தாவீதின் ஏழு நாள்கள்

முன்னறிவிப்பைக் கேட்ட பின் எப்படி வாழ்வது என்பதற்குத் திருவிவிலியத்தில் ஒரு தந்தை இருக்கிறார். தாவீதின் பச்சிளங்குழந்தை சாகும் என்று இறைவாக்கினர் நாத்தான் அறிவித்துவிட்டார். அதைவிட உறுதியான முன்னறிவிப்பு எந்தச் சோதனைச்சாலையிலும் கிடைக்காது. ஆயினும் தாவீது உண்ணாமல் தரையில் கிடந்து மன்றாடினார். ஒருவேளை ஆண்டவர் இரங்கக்கூடும் என்று எண்ணினார். ஏழாம் நாள் குழந்தை இறந்தது. செய்தியை எப்படிச் சொல்வதென்று பணியாளர் அஞ்சி நிற்க, அவரோ கேட்டறிந்து எழுந்தார், குளித்து உடை மாற்றினார், ஆண்டவரின் இல்லம் சென்று வணங்கினார், உணவு உண்டார்.

அச்சாவு தந்தையின் பாவத்தோடு பிணைத்துச் சொல்லப்படுவது நம் நெஞ்சை உறுத்தும். நோயுற்ற குழந்தையின் பெற்றோர் எவரும் அதைத் தம்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் குறித்துச் சீடர்கள் அவ்வாறு கணக்குப் போட்டபோது இயேசு அக்கணக்கை மறுத்துவிட்டார். நாம் இங்கே காண வேண்டியது தாவீதின் நடத்தையை. சாகும் என்ற சொல்லைக் கேட்டதனால் அவர் குழந்தையைக் கைவிடவில்லை. செத்தது என்ற சொல்லைக் கேட்டபோது அதை மறுக்கவுமில்லை. முன்னதில் எதிர்நோக்கும் பின்னதில் உண்மையும் இருக்கின்றன. இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கும் வலிமையே பெற்றோருக்கும் மருத்துவருக்கும் வேண்டும். எதிர்நோக்கு மட்டும் இருந்தால், தேறாத உடலை நாள்கணக்கில் கருவியில் பூட்டி வதைப்போம். உண்மை மட்டும் இருந்தால், தேறக்கூடிய குழந்தையைத் தாளைப் பார்த்துக் கைவிடுவோம்.

ஆகவே மருத்துவர் எண்ணை மறைக்க வேண்டாம். பெற்றோர் அதைக் கேட்க அஞ்ச வேண்டாம். எண் குறைந்திருக்கிறது, இது எதனால் குறையும், இதோடு வேறெவற்றைப் பார்க்கிறோம், எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்போம், எந்நிலையில் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவோம் என்பதையெல்லாம் அவர்களுக்குப் புரியும் சொற்களில் எடுத்துரைப்பதே நேர்மை. சதவீதத்தை மட்டும் வீசிவிட்டு நகர்ந்து செல்வது அரைகுறை உண்மை. கருவியை நிறுத்த நேர்ந்தாலும், குழந்தையைத் தாயின் மடியில் கிடத்தி, வலி தெரியாமல், தனிமை இல்லாமல் விடைகொடுப்பது வரை மருத்துவம் முடிவதில்லை.

சாவாபத்தில் இருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்க எவருக்கும் உரிமை உண்டு என்பதை நாம் அறிவோம். செவிலியர் ஒருவர் கைப்பிடி நீரோடு அந்தத் தொட்டிலருகில் நிற்கும்போது, பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று திருச்சபை அவரிடம் கேட்பதில்லை. இரத்தத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்பதில்லை. குழந்தையின் பெயர் என்ன என்று மட்டும் கேட்கிறது. மருத்துவரும் அவ்வாறே, பெற்றோர் முன் வந்து நிற்கும்போது முதலில் அந்தப் பெயரைச் சொல்லட்டும். பின்பு எண்ணைச் சொல்லட்டும்.